எழுத்தில்லாத கல்லும் கதை சொல்லும்

(நம் நலச்சங்கத்தின் ஜவ்வாது மலைக் குடும்பச் சுற்றுலாவின் முதல் நாள் மாலை, ஜமுனாமரத்தூரில் நாம் தங்கியிருந்த இடத்தில் நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். இவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். சுற்றுலாவுக்கு வர முடியாத பலர் கேட்டுக்கொண்டதால் இந்த இதழில் வெளியிடுகிறோம்.)



செயலாளர் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் டீ வந்துவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன். வாத்தியார் வேலை பார்த்தவனிடம் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

காலையில் பஸ்ஸில் நடந்த ஒரு விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பின் சீட்டில் நம் பிள்ளைகள் நாலு பேர் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு 'ஷான் தி ஷீப்' பார்த்துக்கொண்டு வந்தார்கள். சத்தத்தைக் குறைக்கச் சொன்னோம். அவர்கள் கோபத்தில் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். ஆனால் சிரிப்பு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நாலாவது மாடி அம்மா முன் சீட்டிலிருந்து திரும்பி எட்டிப் பார்த்தார். அவருக்கு எண்பது வயது நெருங்குகிறது. இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "அந்த நாய் பாவம்டா, எல்லாப் பழியும் அது தலையில விழுது" என்றார். பிள்ளைகள் அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். யாரும் அம்மாவுக்குக் கதையை விளக்கவில்லை. அது எந்த நாட்டுப் படம் என்றும் அவருக்குத் தெரியாது. கதை தானாக அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

பேச்சே இல்லாமல், எழுத்தே இல்லாமல் கதை சொல்வது எப்படி என்பதுதான் இன்றைக்கு என் விஷயம். அதைப் பற்றி இந்த மலையில் உட்கார்ந்து பேசக் காரணம் இருக்கிறது. நாளைக்கு மலையிறங்கிச் செங்கம் பக்கமாகப் போகப் போகிறோம். அந்த வட்டாரத்து வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் 1,400 வருஷத்துக்கு முன்பே படத்தால் கதை சொன்ன கற்கள் நிற்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்துகொண்டு போனால் நல்லது என்று நினைத்தேன்.

முதலில் பிள்ளைகளுக்குத் தெரிந்த இடத்திலிருந்து வருகிறேன்.

வாயை மூடிக்கொண்டு கதை சொன்னவர்கள்

'ஷான் தி ஷீப்' இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மன் ஸ்டுடியோவில் செய்தது. தொடர் 2007-இல் ஆரம்பித்தது. ஆடு பேசாது, நாய் பேசாது. பண்ணைக்காரர் ஏதோ முனகுவார், ஆனால் அதில் ஒரு சொல்கூட இருக்காது. 2015-இல் இதை முழு நீளத் திரைப்படமாக எடுத்தபோதும் ஒரு வசனம் கிடையாது. ஒன்றரை மணி நேரம் உலகம் முழுக்கப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

இது புதுசு இல்லை. ஐரோப்பாவில் இதற்கு நீண்ட பரம்பரை உண்டு. பெல்ஜியத்தில் பிறந்த ஃபிரான்ஸ் மசரீல் என்ற ஓவியர் 1919-இல் ஒரு புத்தகம் போட்டார். 167 மரச்செதுக்குப் படங்கள், பக்கத்துக்கு ஒன்று. ஒரு மனிதன் ரயிலில் ஒரு நகரத்துக்கு வந்து இறங்குகிறான். வாழ்கிறான், காதலிக்கிறான், ஏமாறுகிறான், அலைகிறான், சாகிறான். கதைக்குள் ஒரு வரிகூட எழுத்து இல்லை. முதல் உலகப் போரை எதிர்த்த மனிதர் அவர். ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த நாடுகளின் மொழிகளில் எந்த மொழியில் அவர் எழுதியிருந்தாலும் மற்ற பக்கத்துக்காரர் படித்திருக்க மாட்டார். கருப்பு வெள்ளைப் படத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஜெர்மனியில் எரிஷ் ஓசர் என்று ஒருவர். நாஜிகளைக் கேலி செய்து கார்ட்டூன் போட்டவர். அவர்கள் ஆட்சிக்கு வந்ததும் அவருக்கு வேலை செய்யத் தடை. பிறகு புனைபெயரில், அரசியல் இல்லாமல் வரைய அனுமதி கிடைத்தது. 1934-இலிருந்து 1937 வரை 'அப்பாவும் மகனும்' என்று வாராவாரம் வரைந்தார். பெரிய மீசை வைத்த குண்டு அப்பா, பரட்டைத் தலைப் பையன். பெரும்பாலும் பேச்சே இருக்காது. அப்பா பையனை அதட்டுவார், அடுத்த கட்டத்தில் அவரே அதைவிடப் பெரிய குறும்பு செய்வார். வாயைக் கட்டிப்போட்ட காலத்தில் அந்த மனிதர் பேசாத படத்தால் ஒரு நாட்டையே சிரிக்கவைத்தார். கடைசியில் 1944-இல் தனிப்பேச்சில் ஆட்சியைக் குறை சொன்னதற்காகக் கைதாகி, விசாரணைக்கு முன்பே சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். பேசிய பேச்சு அவரைக் கொன்றது. பேசாத படங்கள் இன்றைக்கும் அச்சாகின்றன.

செக் நாட்டில் ஸ்டெனெக் மிலர் என்பவர் ஒரு குட்டி அகழெலியை வைத்து கார்ட்டூன் படங்கள் எடுத்தார். 1957-இல் வந்த முதல் படத்தில் அது பேசியது. எந்த நாட்டுப் பிள்ளைக்கும் புரிய வேண்டும் என்று அடுத்த படங்களில் பேச்சை எடுத்துவிட்டார். சிரிப்பு, "ஆ", "ஓ" போன்ற சத்தங்கள் மட்டும்தான். அந்தச் சத்தங்களைக் கொடுத்தவர்கள் அவருடைய சொந்த மகள்கள்.

இப்போது நம் பக்கம் பாருங்கள். 'ஆகி' என்ற பூனையும் கரப்பான்பூச்சிகளும் வரும் பிரெஞ்சுத் தொடர் பிள்ளைகளுக்குத் தெரியும். மூலத்தில் அந்தப் பூனை பேசவே பேசாது. நம் நாட்டுக்கு வந்ததும் இந்தியில் வசனம் எழுதி, பூனைக்கு ஷாருக்கான் மாதிரி ஒரு குரலும் கொடுத்துவிட்டார்கள். நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வசனம் வந்த பிறகு பிள்ளைகள் காதால் கேட்கிறார்கள், கண்ணுக்கு வேலை பாதியாகிவிடுகிறது. பேசாத படத்தில் பார்க்கிறவர்தான் கதை சொல்லி. நாலாவது மாடி அம்மா "நாய் பாவம்" என்றாரே, அந்த வசனத்தை ஆர்ட்மன் ஸ்டுடியோ எழுதவில்லை. அம்மா எழுதியது.

கல்லின் இலக்கணம்

சரி, நம் ஊருக்கு வருவோம். இந்த ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பரவிக்கிடக்கிறது. மலையின் தெற்கு அடிவாரப் பக்கம்தான் செங்கம். பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்று ஒன்று உண்டு. அதன் தலைவன் நன்னன் இருந்த ஊர் செங்கண்மா, அதுதான் இன்றைய செங்கம். அவனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும்போது, பாதையில் நடுகற்கள் இருக்கும், வணங்கிவிட்டுப் போங்கள் என்று அந்தப் பாட்டு சொல்கிறது. அதாவது நாளைக்கு நாம் போகப்போகும் வட்டாரத்தில் வழிப்போக்கர்கள் நடுகல்லைப் பார்த்து நிற்பது இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கம்.

நடுகல் என்றால் என்ன? சண்டையில் இறந்தவனுக்கு, பெரும்பாலும் ஊர் மாட்டுக்காக இறந்தவனுக்கு, ஊர் நட்டு வைத்த கல். அந்தக் காலத்தில் மாடுதான் சொத்து. சண்டை மாட்டைக் கவர்வதில்தான் ஆரம்பிக்கும். கல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதிலிருந்து, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வரிசையாகச் சொல்கிறது.

இப்போது ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டில் கிடைத்த மிகப் பழைய நடுகற்களில் படமே கிடையாது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த கற்களில் தமிழ்ப் பிராமி எழுத்து மட்டும்தான் இருக்கிறது. எழுத்து முதலில் வந்தது, உருவம் பின்னால் வந்தது. எழுத்து மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று அகநானூற்றில் ஒரு பாட்டு காட்டுகிறது. வழியில் போகிறவர்கள் நடுகல்லில் அம்பைத் தீட்டித் தீட்டி எழுத்து தேய்ந்துபோகிறது. பின்னால் வருகிற பிரயாணிகள் கூட்டிப் படித்துப் பார்க்கிறார்கள், முடியவில்லை, அசதியோடு விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். சங்க காலத்திலேயே இந்தக் கவலை இருந்திருக்கிறது.

செங்கம் வட்டாரத்துக் கற்களில் உருவமும் இருக்கிறது, பலவற்றில் வட்டெழுத்தும் இருக்கிறது. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் போன்ற பல்லவ அரசர்கள் காலத்துக் கற்கள் இவை. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களின் தொடக்கத்தில் இந்தப் பகுதியை ஊர் ஊராகத் தேடி, இரா. நாகசாமி பதிப்பாசிரியராக இருந்து 'செங்கம் நடுகற்கள்' என்ற புத்தகத்தை வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் இந்தக் கற்களின் அருமை வெளியுலகத்துக்குத் தெரிந்தது.

படத்தை எப்படிப் படிப்பது? ஐந்தாறு விஷயம் தெரிந்தால் போதும்.

முதலில் கை. இடது கையில் வில், வலது கையில் வாள் அல்லது குறுவாள் இருக்கும். அடுத்தது கால். நேராக நின்றால் அமைதி. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டிப் பாய்வது மாதிரி இருந்தால் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது, உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா? மார்பிலும் தொடையிலும் கோடு கோடாகத் தெரியும். அது இருந்தால் அவன் அந்த இடத்தில் விழுந்தான் என்று அர்த்தம். இதில் ஒரு அழகு பாருங்கள்: அம்பு தைத்த பிறகும் சிற்பி அவனைக் கீழே விழுந்தவனாகக் காட்டுவதில்லை. பாய்ந்துகொண்டேதான் இருக்கிறான். இரண்டு கட்டங்களை ஒரே கட்டத்தில் வைத்துவிட்டான் சிற்பி.

நாலாவது, காலடியில் பாருங்கள். மாடு இருந்தால் மாட்டுச் சண்டை. புலியோ பன்றியோ இருந்தால் ஊரைக் காக்க அதோடு மோதி இறந்தவன். புலிக்குத்திப்பட்டான் கல் என்பார்கள். ஐந்தாவது, மூலையில் மூக்கு வைத்த சின்னப் பாத்திரமும் சிமிழும் இருக்கும். கெண்டி என்று சொல்வார்கள். சண்டைக்காரன் காலடியில் பாத்திரம் எதற்கு? அது இறந்தவனுக்குரிய படையல். அந்த ஒரு பாத்திரம்தான், "இது உயிரோடு இருப்பவனின் படம் இல்லை" என்று சொல்கிறது.

இன்னொரு வகையில் ஒருவன் ஒரு கையால் தன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் கழுத்தில் கத்தியை வைத்திருப்பான். நவகண்டம் என்பார்கள். தன்னையே பலி கொடுத்தவன். அதற்கு ஒரு சொல் விளக்கம் வேண்டுமா? பார்த்ததும் நம் கை கழுத்துக்குப் போய்விடும்.

பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. காமிக்ஸை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பீர்கள்? மேலிருந்து கீழே. சரிதான். கர்நாடகத்தில் நிறையவும், நம் பக்கம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளிலும், அடுக்கடுக்காகக் கட்டம் பிரித்த நடுகற்கள் உண்டு. அவற்றைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். கீழ்க் கட்டத்தில் சண்டை. நடுக் கட்டத்தில் இரண்டு தேவமகளிர் அவனை இரு பக்கமும் தாங்கித் தூக்கிப் போகிறார்கள். மேல் கட்டத்தில் அவன் சிவலிங்கத்தின் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறான். கதை மண்ணில் ஆரம்பித்து வானத்துக்குப் போகிறது, கண்ணும் அதே வழியில் போகிறது. மசரீல் 167 பக்கத்தில் சொன்னதை மூன்று கட்டத்தில் சொல்லிவிட்டார்கள்.

எழுத்து தருவது என்ன

நான் படத்தின் கட்சி என்றாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். படத்தால் சொல்ல முடியாதது இரண்டு உண்டு.

ஒன்று, பெயர். செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நட்ட கல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற இளைஞன் எருமைகளைக் காக்கப் போய் இறந்தான். அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. வீரனோடு நாய் இருப்பது படத்திலேயே தெரியும். ஆனால் அந்த நாயின் பெயர் கோவிவன், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்பதை எழுத்துதான் சொல்கிறது. 1,400 வருஷமாக ஒரு நாயின் பெயர் நிற்கிறது. அதனால் பிள்ளைகளே, ஷான் கதையில் மந்தை காக்கிற நாய் பிட்சரைப் பார்க்கும்போது கோவிவனையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதே வேலைதான், கூடுதலாகக் கடியும் உண்டு.

இரண்டாவது, எந்தப் பக்கம். மாட்டை மீட்கப் போய் இறந்தவனுக்கும் கல் நட்டார்கள், மாட்டைக் கவரப் போய் இறந்தவனுக்கும் நட்டார்கள். இருவரும் வில் வைத்திருப்பார்கள், இருவர் மேலும் அம்பு தைத்திருக்கும். 'தொறு' என்றால் மந்தை. தொறு மீட்டானா, தொறு கொண்டானா என்பதை ஒரு சொல்தான் பிரித்துக் காட்டுகிறது. சொல்லை எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடுகிறது. இறந்துபோன ஒரு வாலிபன், அவனுக்காக அழுத ஒரு ஊர். அதுவும் ஒரு உண்மைதானே?

எழுத்து தேய்ந்த பிறகு, அல்லது வட்டெழுத்தைப் படிக்க ஆளில்லாமல் போன பிறகு, மக்கள் என்ன செய்தார்கள்? அகநானூற்றுப் பிரயாணிகள் மாதிரி விட்டுவிட்டுப் போகவில்லை. படத்தைப் படித்தார்கள். கையில் வில் வைத்து நிற்கிறாரே என்று பார்த்து, வேடியப்பன் என்று பெயர் வைத்துக் கும்பிட்டார்கள். செங்கம், ஊத்தங்கரை, அரூர் பக்கமெல்லாம் வேடியப்பன் கோவில்களைப் பார்க்கலாம். பலவற்றில் உள்ளே இருப்பது பழைய நடுகல்தான். எழுத்து கைவிட்ட கல்லை உருவம் காப்பாற்றியது. உருவம் இல்லாதிருந்தால் பல கற்கள் எப்போதோ துணி துவைக்கப் போயிருக்கும்.

மாடு எந்தப் பக்கம் பார்க்கிறது

இனி என் சொந்த அனுபவம் ஒன்று.

1990-களில் செங்கம் பக்கம் ஒரு பள்ளியில் சில வருஷம் ஓவிய ஆசிரியராக இருந்தேன். ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை, ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் இருந்த வேடியப்பனை வரையக் கூட்டிப்போனேன். இடுப்பளவு கல். வில், வாள், மார்பில் இரண்டு அம்பு, தொடையில் ஒன்று, காலடியில் இரண்டு மாடு. எழுத்து கிடையாது. நான் வழக்கம்போல நீளமாக விளக்கம் சொன்னேன். "மாட்டுச் சண்டையில் இறந்த வீரன். கவர்ந்தவனா மீட்டவனா என்று எழுத்து இருந்தால்தான் தெரியும்" என்று முடித்தேன்.

வகுப்பில் அதிகம் பேசாத பையன் ஒருவன் இருந்தான். பாதி நாள் மாடு மேய்க்கப் போய்விடுவான். அவன் கல்லுக்குப் பக்கத்தில் குந்திப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சார், மாட்ட ஓட்டிக்கிட்டுப் போறவனுக்கு மாடு முன்னாடி இருக்கும். பின்னாடி நின்னுதான ஓட்டுவோம்? இங்க மாடு அவருக்குப் பின்னாடி இருக்கு, மூஞ்சி அந்தப் பக்கம் பாக்குது. மாட்ட ஊருக்கு அனுப்பிட்டு இவரு வழிய மறிச்சிக்கிட்டு நிக்கிறாரு சார்."

அவன் சொன்னது சரியா என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் அந்தக் கல்லை நான் பத்துத் தடவையாவது பார்த்திருக்கிறேன். மாடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. எனக்குத் தொல்காப்பியம் தெரியும், அவனுக்கு மாடு தெரியும். அந்தச் சிற்பியும் மாடு தெரிந்தவனாகத்தான் இருந்திருப்பான். இரண்டு பேரும் என் தலைக்கு மேல் பேசிக்கொண்டார்கள் என்று தோன்றியது.

இருபது வருஷம் கழித்து அந்த ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். புளியமரம் இல்லை. ரோடு அகலமாகியிருந்தது, வயல் மனைகளாகியிருந்தது. வேடியப்பனுக்குப் புதிதாகக் கோவில் கட்டி, மீசையும் குதிரையும் வைத்துச் சிமென்ட்டுச் சிலை வைத்திருந்தார்கள். பழைய கல்லைத் தேடினேன். கால்வாயைத் தாண்டுவதற்குப் பலகைபோல் குப்புறப் போட்டிருந்தார்கள். எல்லாரும் மிதித்துக்கொண்டுதான் போனார்கள், முதுகுப் பக்கம் மேலே இருந்ததால் அவர்களுக்கு அது வெறும் கல். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எழுத்து இருக்கா சார்?" இல்லை என்றேன். "அப்போ..." என்று இழுத்துவிட்டு வேறு ஃபைலை எடுத்துக்கொண்டார்.

அந்தக் கேள்வி எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. எழுத்து இருந்தால் வரலாறு, இல்லாவிட்டால் கல். அவர் மட்டும் அல்ல, நாம் எல்லாருமே அப்படித்தான் பழகியிருக்கிறோம். நம் குடியிருப்பில் குப்பையைப் பிரிப்பதற்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எத்தனை நோட்டீஸ் ஒட்டினோம்! வடக்கேயிருந்து வந்து நம்மிடம் வேலை செய்கிறவர்களுக்கு அது புரியுமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பி பிளாக்கில் ஒன்பதாவது படிக்கிற பெண் வாழைப்பழத் தோலையும் பாட்டிலையும் வரைந்து தொட்டியில் ஒட்டிய பிறகுதான் வேலை நடந்தது. தமிழும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த நாமே அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் போட்டோம் என்பது வேறு விஷயம்.

கல்லுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கல்யாண வீட்டில் இருந்த என் பழைய மாணவர்கள் நாலு பேர் மறுநாள் காலை கடப்பாரையோடு வந்தார்கள். புரட்டிப் போட்டோம். முகம் மண்ணில் பதிந்திருந்ததால் உருவம் அப்படியே இருந்தது. மூன்று அம்பும் இருந்தன. கழுவி, புதுக் கோவிலின் பக்கவாட்டில் நட்டார்கள். ஊரே வந்து பார்த்தது. அடுத்த ஆடியில் கோவிலுக்குப் பெயின்ட் அடித்தபோது கல்லுக்கும் அடித்துவிட்டார்கள். பெயின்டர் மாடுகளை நாய் என்று நினைத்து, கழுத்தில் சிவப்புப் பட்டை வேறு போட்டிருந்தார். இப்போது அந்த ஊர்ப் பிள்ளைகள் வேடியப்பன் நாயோடு வேட்டைக்குப் போகிறார் என்று கதை சொல்கிறார்களாம்.

சிரிக்கலாம். ஆனால் இதுதான் நான் சொல்ல வந்தது. பேசாத படத்துக்கு அதைப் பார்த்துச் சொல்கிற ஆள் வேண்டும். ஆள் இருக்கிற வரை கல் நிற்கும். அவர் கொஞ்சம் தப்பாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை, கல் நிமிர்ந்து நிற்கும். பார்ப்பவர் இல்லாவிட்டால் குப்புறப் போய்விடும்.

நாளைக்கு

நாளை வழியில் கல் இருக்கும் இடத்தில் பஸ் நிற்கும்போது சில விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். நமக்கு அது சிற்பம், அந்த ஊருக்கு அது சாமி. முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். உருவம் தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ், மாவு, மஞ்சள் எதையும் பூசாதீர்கள். தண்ணீரும் எண்ணெயும் ஊற்றாதீர்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது. யாராவது ஒரு ரூபாய் நாணயம் கொடுங்கள். இதோ, டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியவில்லை. பக்கவாட்டில் சாய்த்து அடிக்கிறேன், பாருங்கள், எல்லாக் கோடும் எழுந்து நிற்கிறது. கல்லும் அப்படித்தான். காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் பேசும், உச்சி வெயிலில் வாயை மூடிக்கொள்ளும். அதனால்தான் சீக்கிரம் கிளம்பலாம் என்று சொல்கிறேன்.

வழியில் எங்காவது புதரிலோ கரையிலோ உருவம் செதுக்கிய கல் கிடந்தால் நகர்த்தாதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். எழுத்து இல்லை என்றாலும் எழுதுங்கள். அலுவலகத்தில் யாராவது "எழுத்து இருக்கா?" என்று கேட்டால், "உருவம் இருக்கிறது" என்று சொல்லுங்கள். நிறைய நடுகற்களை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் தருமபுரி அரசு அகழ்வைப்பகத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு போய் வாருங்கள்.

கடைசியாகப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள், எனக்கும் சேர்த்துத்தான். கல் முன்னால் போய் நின்றதும் நாம் விளக்க ஆரம்பித்துவிடுவோம். போர்டு இருந்தால் சத்தமாகப் படித்துக் காட்டுவோம். நாளைக்கு முதல் ஐந்து நிமிஷம் பெரியவர்கள் யாரும் பேசக் கூடாது. கூகுளிலும் தேடக் கூடாது. பிள்ளைகள் பார்த்து, அவர்களே கதை சொல்லட்டும். கை என்ன செய்கிறது, கால் எப்படி இருக்கிறது, காலடியில் என்ன, அது எந்தப் பக்கம் பார்க்கிறது. பிள்ளைகள் சொன்ன பிறகு நாலாவது மாடி அம்மா சொல்லட்டும். அதற்குப் பிறகு எழுத்து இருந்தால் நான் வாசித்துக் காட்டுகிறேன்.

டீ வந்துவிட்டது. காலை ஆறரைக்கு பஸ்.